ஒரு தலைக்கு ஒரு ஷீட்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விழுப்புரம் ஸ்கேன் சென்டரிலிருந்து எனக்குப் போன் வந்தது. நான் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்ற இடம். என் இடத்தில் இப்போது சி.டி. மெஷினைப் பார்த்துக்கொள்ளும் கலைவாணிதான் பேசினாள். புது சாஃப்ட்வேர் போட்டிருக்கிறார்களாம். மூளைக்குள் ரத்தம் தேங்கிய இடம் எதுவோ அதைத் தானாகவே சிவப்பில் காட்டுகிறதாம். "வந்து பாக்கறீங்களாக்கா?" என்றாள்.

என்னிடம் போய் இப்படி ஒரு கேள்வி! அடுப்பில் வெந்துகொண்டிருந்த இட்லியை இறக்கி வைத்துவிட்டுத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டமாக ஓடினேன். என் வீட்டுக்காரர் வாசல்வரை பின்னாலேயே வந்து, ரிட்டையர் ஆனது நீயா, அந்த சென்டரா என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் எட்டே கால் வண்டி போய்விடும்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த சாஃப்ட்வேர் அருமை. கலைவாணி மவுஸைத் தட்டிய அடுத்த நிமிஷம் மூளையின் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு போட்டுக் காட்டியது. நான் கைதட்டிவிட்டேன். இன்னொரு கேஸ் போடு, இன்னொரு கேஸ் போடு என்று பழைய கேஸ்களாக ஒன்பது போடச் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் அங்கிருந்த பெண்கள் கேட்டார்கள், இதெல்லாம் இல்லாமல் நீங்கள் எப்படியக்கா பார்த்தீர்கள் என்று. டீ குடிக்கிற பத்து நிமிஷத்தில் சொல்லப் பார்த்தேன். பாதியிலேயே அடுத்த நோயாளி வந்துவிட்டார். அதனால் எழுதுகிறேன். பார்த்ததை மட்டும் எழுதினால் அது பீற்றல். பார்க்காமல் விட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியும் கேப்பை அறுத்தும் எங்கள் நாலு பேரையும் வளர்த்தார்கள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தேன். அவர்கள் சொல்லித்தான் எக்ஸ்ரே படிப்பில் சேர்ந்தேன். இரண்டு வருஷப் படிப்பு முடிந்ததும் திண்டிவனத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் பதினாறு வருஷம் வேலை. அந்தப் பதினாறு வருஷமும் இருட்டறையில் ஃபிலிம் கழுவியே போயிற்று. அந்த இருட்டறையை நினைத்து இப்போது பெருமூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மருந்து நாற்றத்தில் தலைவலியோடு நின்றவளுக்குத்தான் அது எவ்வளவு பேஜார் என்று தெரியும். விழுப்புரத்தில் சி.டி. ஸ்கேனுக்கு ஆள் வேண்டும் என்றதும் ஒரு நாள்கூட யோசிக்காமல் சேர்ந்தேன்.

எக்ஸ்ரேயில் மண்டை ஓடுதான் தெரியும். சி.டி.யில் மூளையே தெரியும். பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவுவதுபோல, கழுத்தடியிலிருந்து உச்சிவரை மூளையை மெஷின் குறுக்கே சீவிச் சீவிப் படம் காட்டும். ஒவ்வொரு சீவலையும் நாங்கள் ஸ்லைஸ் என்போம். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மாமியார் முதல் பால்காரர்வரை எல்லோரிடமும் மனுஷ மூளையைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன்.

படம் எடுப்பது நான். அதைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது டாக்டர் சுலோசனா. நாங்கள் மேடம் என்போம். குள்ளமானவர், எப்போதும் காட்டன் புடவை, கழுத்தில் தொங்கும் கயிற்றில் கண்ணாடி. ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் நோயாளியின் பெயர், ஊர், என்ன தொந்தரவு எதையும் கேட்கமாட்டார். "வயசு என்ன?" அது ஒன்றுதான் கேள்வி. வயதைச் சொன்னதும் முதல் ஸ்லைஸிலிருந்து ஆரம்பித்து வலது, இடது, நடு, ஓரம் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போவார். நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். யாராவது கூப்பிட்டுத் தடங்கலாகிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஏன் மேடம் வயதை மட்டும் கேட்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். வயதானால் மூளை சுருங்கும், மடிப்புகளுக்கு நடுவே பள்ளம் விழும் என்றார். கோடையில் பனமலை ஏரி வற்றினால் தரை வெடித்துக் கிடக்குமே, அதுமாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். வயதுக்கு ஏற்ற வெடிப்பு இருக்கிறதா என்பதுதான் மேடத்தின் முதல் கணக்கு.

அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மெதுவாகிவிடும். ஒரு சமயம் பைக்கிலிருந்து விழுந்த ஒரு பையனுக்கு ஸ்கேன் எடுத்தேன். வெளியே அவனுடைய அம்மா தவித்துக்கொண்டு நின்றாள். நானும் படத்தை ஒரு கண் பார்த்திருந்தேன், எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. "ஒண்ணும் இல்லம்மா, நல்லா கீறான்" என்று சொல்லிவிட்டேன். அவள் மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பியே விட்டாள். கால் மணி நேரம் கழித்து மேடம் படத்தைப் படித்தால், மண்டை ஓட்டை ஒட்டி ஒரு மெல்லிய ரத்தக் கசிவு. நான் செருப்புக்கூடப் போடாமல் ரோட்டில் ஓடி, டீக்கடையில் நின்றிருந்தவர்களைப் பிடித்து இழுத்துவந்தேன். அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். மேடம் என்னை உட்காரவைத்து, ஒவ்வொரு வார்த்தையாக விட்டுவிட்டுக் கேட்டார். "பிலோ, நீ அந்தம்மாகிட்ட சொன்னது ரிப்போர்ட்டா, ஆறுதலா?" படம் எடுப்பது உன் வேலை, படிப்பது என் வேலை என்று அவர் அன்று சொன்னதை அதற்குப் பிறகு நான் மீறவே இல்லை. யார் என்ன கேட்டாலும் டாக்டரைக் கேளுங்கள் என்பதோடு சரி.

பிறகு சென்டருக்கு சாஃப்ட்வேர் வந்தது. சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து ஒரே ஒரு மதியம் சொல்லிக்கொடுத்தார். மவுஸின் சக்கரத்தை உருட்டினால் கழுத்தடி, காது, கண்கள், அதற்கு மேலே மடிப்பு மடிப்பாக மூளை, கடைசியில் உச்சி. திருப்பி உருட்டினால் உச்சியிலிருந்து கீழே. பொத்தானை அழுத்திப் பிடித்து மவுஸை இழுத்தால் படத்தின் சாம்பல் நிறமே மாறும். எலும்பு பார்க்க ஒரு அளவு, மூளை பார்க்க ஒரு அளவு. அந்த அளவுக்கு விண்டோ என்று பெயர். மூளைக்கு எல்லோரும் வைப்பது எண்பது, நாற்பது. முதல் எண்ணைக் குறைத்தால் ஒன்றாகத் தெரியும் சாம்பல் நிறங்கள் தனித்தனியாகப் பிரியும். இன்னொரு பொத்தானைத் தட்டினால் குறுக்கே சீவிய மூளை, முகத்துக்கு நேராக நறுக்கியது போல நிமிர்ந்து நிற்கும். ஃபிலிமில் ஒருமுறை அச்சாகிவிட்டால் அவ்வளவுதான், அதற்குமேல் எதையும் மாற்ற முடியாது. இங்கேயோ நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் அவர் மூளையை எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம்! இன்ஜினியர் கிளம்பிப் போனதே எனக்குத் தெரியாது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் சாயங்காலம்வரை உருட்டிக்கொண்டே இருந்தேன்.

இவ்வளவு நல்ல சாமானை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்தோம்? ஃபிலிம் அச்சடித்தோம்.

ஏனென்றால் நோயாளிக்குக் கையில் படம் வேண்டும். வெறும் ரிப்போர்ட்டைக் கொடுத்தால், ஸ்கேன் எடுத்தீர்களா இல்லையா என்று சண்டைக்கு வருவார்கள். டாக்டர்களும் ஃபிலிமை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தால்தான் திருப்தியாவார்கள். ஒரு ஷீட்டில் இருபது கட்டம். ஒரு தலைக்கு இருபத்துநாலு ஸ்லைஸ் வரும். மிச்சம் நாலை என்ன செய்வது? ஒரு தலைக்கு ஒரு ஷீட் என்பது சென்டரில் எழுதாத சட்டம். அதனால் உச்சியில் இருக்கும் நாலையும் விட்டுவிடுவோம். அங்கே வட்டமாகக் கொஞ்சம் மூளை, சுற்றி எலும்பு, வேறு என்ன இருக்கப்போகிறது என்று நினைப்பு. யார் ஆரம்பித்த பழக்கமோ தெரியாது. எனக்கு முன்னால் இருந்தவர் செய்தார், நானும் செய்தேன். எண்பது, நாற்பது வைத்து, இருபதை வரிசையாக இழுத்துப் போட்டு, அச்சடித்து, உறையில் போட்டுக் கொடுத்துவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டே செய்யும் அளவுக்குக் கை பழகியிருந்தது.

இதற்குள் மேடத்துக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி, திண்டிவனத்தில் தன் வீட்டிலிருந்தே படம் படிக்க ஆரம்பித்திருந்தார். முழு ஸ்கேனையும் அனுப்பினால் நெட் இழுத்துக்கொண்டே கிடக்கும். அதனால் அந்த இருபது கட்ட ஷீட்டையே போட்டோவாக அவருக்கு அனுப்புவோம். சந்தேகம் வந்தால் மட்டும் முழுசும் கேட்பார். அதற்காக இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே திரையைக் காட்டும்படி ஒரு ஏற்பாடு இருந்தது. திண்டிவனத்தில் அவர் மவுஸை நகர்த்தினால் விழுப்புரத்தில் என் கண்ணெதிரே அம்பு ஓடும். ஆரம்பத்தில் அதைப் பார்த்தபோது பேய் பிசாசோ என்று ஒரு நிமிஷம் பயந்துதான் போனேன்.

இனி அந்தக் கேஸ்.

ஆறேழு வருஷம் இருக்கும். காலை பத்து மணிக்கு நாற்பது வயதுப் பெண் ஒருத்தி தன் அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அவள் பெயர் பிரபாவதி. அப்பா அப்பாண்டைநாதன், வயது எழுபத்திரண்டு. மேல்சித்தாமூர்க்காரர்கள், நயினார் வீட்டுக்காரர்கள், அதாவது எங்கள் பக்கத்துச் சமணர்கள். அவர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்று உயரம், வெள்ளை வேட்டி, ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. படுங்கள் என்றால் படுத்தார். எழுந்திருங்கள் என்றபிறகும் படுத்தே இருந்தார். ஸ்கேன் எடுத்தேன். வழக்கம்போல இருபதை அச்சடித்தேன். மேடத்துக்கும் அதையே அனுப்பினேன். அன்றைக்கு மேடத்தின் மகளுக்கு நிச்சயதார்த்தம். அவர் கூட்டத்துக்கு நடுவில் நின்று போனிலேயே பார்த்து, பெரிய கோளாறு எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் அனுப்பினார். மேடம் வயதைக் கேட்காத ஒரே கேஸ் அதுதான்.

உறையைக் கொடுக்கும்போது பிரபாவதி ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நார்மல் என்று வந்தால் எல்லோருக்கும் முகம் மலரும். இவள் அழுதாள். விஷயத்தைச் சொன்னாள். இரண்டு மாதமாக அப்பா பேச்சைக் குறைத்துவிட்டாராம். வேட்டியை நனைத்துக்கொள்கிறாராம். வழி தெரியாமல் எங்கேயோ போய் நிற்கிறாராம். அண்ணன் தனியாளாகப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோய், புத்தி பேதலித்தவர்களை வைத்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் இடம் பேசி வைத்திருக்கிறார். ஸ்கேனில் ஏதாவது வந்தால் வைத்தியம், ஒன்றும் இல்லை என்றால் அன்றைக்கே கொண்டுபோய் விடுவது என்று பேச்சு. திண்டிவனத்தில் அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டு அங்கிருந்து நேராக இல்லத்துக்கு.

"எங்கப்பா பைத்தியம் இல்லக்கா. ஆனா நானே பயந்துட்டேன். பொழுது சாஞ்சா பச்சத் தண்ணிகூட வாயில ஊத்தாத மனுசன். ஒரு வாரமா எட்டு மணிக்கு, விளக்கு வெச்சப்புறம், சோறு குடுன்னு கேட்டுக்கினு நிக்கிறாரு. டாக்டர்கிட்ட சொன்னா, பசிச்சா கேக்கறாருன்னு சிரிக்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நயினார் வீட்டு நிலத்தில் என் அம்மா கூலி வேலை பார்த்திருக்கிறாள். அந்திக்கு முன்னால் அடுப்பை அணைத்துவிடுவார்கள் என்பதும், உயிரே போனாலும் இருட்டிய பிறகு சாப்பிடமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எழுபது வருஷப் பழக்கம் ஒரு வாரத்தில் கழன்றுபோகிறது என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது. ஆனால் என் வாயைத் திறந்து நான் என்ன சொல்ல முடியும்? டாக்டரைக் கேளுங்கள் என்றேன். அவள் அப்பாவைக் கையைப் பிடித்து பஸ்ஸுக்கு அழைத்துப் போனாள்.

மதியம் சோற்றுக்கு உட்கார்ந்தேன். இறங்கவில்லை. டப்பாவை மூடிவிட்டு சாஃப்ட்வேரைத் திறந்து அவர் கேஸைப் போட்டேன்.

சக்கரத்தை உருட்டினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஒழுங்கு என்றால் அப்படியொரு ஒழுங்கு. மூளை மண்டை ஓட்டுக்குள் நிறைந்து கொழுகொழுவென்று இருந்தது, ஒரு வெடிப்பு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. என் மகன் வயதுக்காரன் மூளை மாதிரி. எழுபத்திரண்டு வயதுக்கு இது எப்படி? விண்டோவில் அந்த எண்பதைக் குறைத்துக்கொண்டே வந்தேன். அறுபது, ஐம்பது, நாற்பது. சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து இன்னொரு சாம்பல் நிறம் பிரிந்தது. மூளை மடிப்புகள் எலும்புவரை போகவில்லை. நடுவில் மெல்லிய பட்டையாக வேறு ஏதோ இருந்தது. ஒரு பக்கம் இருந்தால் மூளை மறுபக்கம் ஒதுங்கும், யார் கண்ணுக்கும் படும். இது இரண்டு பக்கமும் சமமாக நெருக்கிக்கொண்டு நின்றதால் எதுவும் ஒதுங்கவில்லை. அதனால்தான் இத்தனை ஒழுங்கு.

இன்னும் மேலே உருட்டினேன். இருபத்தொன்று, இருபத்திரண்டு. நான் ஷீட்டில் போடாமல் விட்ட ஸ்லைஸ்கள். அங்கேதான் அந்தப் பட்டை விரல் கனத்துக்கு இருந்தது. படத்தை முகத்துக்கு நேராக நிமிர்த்திப் பார்த்தேன். உச்சியில் இரண்டு பக்கமும் பிறை மாதிரி கவிந்து மூளையைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. ஐயோ, கர்த்தரே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷமும், நான்தான் மறைத்தேன் என்ற நடுக்கமும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டில் எது அதிகம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மேடத்துக்குப் போன் போட்டேன். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். விண்டோவை மறுபடி எண்பது, நாற்பதுக்கே வைத்தேன், படத்தைப் பழையபடி குறுக்கே திருப்பினேன். நான் பார்த்ததை அவர் கண்ணில் திணிக்கக் கூடாது. தப்பாக இருந்தால் என்னோடு போகட்டும் என்று நினைத்தேன்.

"மேடம், காலையில அனுப்பின அப்பாண்டைநாதன் கேஸ். ஷீட்ல மேல நாலு ஸ்லைஸ விட்டுட்டேன். முழுசா தெறந்து வெச்சிருக்கேன், நீங்க ஒரு தடவ பாக்கணும்."

நார்மல் என்று போட்டாயிற்றே என்றார். ஒரே ஒரு தடவை மேடம் என்றேன். விருந்து முடிந்து ஆட்கள் கிளம்பும் சத்தம் போனில் கேட்டது. கதவைச் சாத்தும் சத்தம். ஐந்து நிமிஷத்தில் என் திரையில் அம்பு அசைந்தது.

முதல் ஸ்லைஸிலிருந்து ஆரம்பித்தார். வலது, இடது, நடு, ஓரம். போனில் அந்த முணுமுணுப்பு கேட்டது. அம்பு ஒவ்வொரு படியாக ஏறியது. எனக்கோ, மேலே போங்கள் மேடம், மேலே போங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்தொன்றில் அம்பு நின்றது.

"வயசு என்ன?"

"எழுபத்திரண்டு மேடம்."

முணுமுணுப்பு நின்றுவிட்டது. திரையின் மூலையில் எண்பது என்ற எண் இறங்க ஆரம்பித்தது. எழுபது, ஐம்பது, நாற்பத்தைந்து. படம் நிமிர்ந்து நின்றது. அம்பு வலப்பக்கப் பிறையின் ஓரமாக மெதுவாகப் போய், இடப்பக்கம் தாண்டி, அங்கேயும் அதே ஓரமாகப் போயிற்று. நான் போன அதே வழி! நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

"பிலோ, நீ என்ன பாத்த?"

அத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டதே இல்லை.

"ரெண்டு பக்கமும் மேடம். உச்சி வரைக்கும்."

"நானும் அதத்தான் பாக்கறேன். நான் கையெழுத்து போட்ட ரிப்போர்ட் இப்ப எங்க இருக்குது?"

ரிஜிஸ்டரில் இருந்த பிரபாவதியின் நம்பருக்குப் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. கீழே அண்ணன் நம்பர் இருந்தது. தனசேகர் என்று பெயர். அவர் எடுத்தார். சார், ஸ்கேன் சென்டரிலிருந்து பேசுகிறேன், படத்தை டாக்டர் மறுபடி பார்க்கிறார், அப்பாவை எங்கேயும் அழைத்துப் போகாதீர்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் குரலில் கோபம்கூட இல்லை, அசதிதான் இருந்தது.

"நார்மல்னு நீங்கதானேங்க எழுதிக் குடுத்தீங்க? அதப் பாத்துட்டு டாக்டரும் சொல்லிட்டாரு. கிளினிக் வாசல்ல வண்டி வந்து நிக்குதுங்க. விட்டுடுங்க."

வைத்துவிட்டார். திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அந்த டாக்டரின் கிளினிக் நம்பரும் கிடைக்கவில்லை. மேடத்திடம் அழாத குறையாகச் சொன்னேன். கிளினிக் எங்கே என்று கேட்டார். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் என்றேன். நான் போறேன், நீ லைன்லயே இரு என்றார்.

முழங்கால் ஆபரேஷன் ஆகி, கம்பு இல்லாமல் கழிவறைக்குக்கூடப் போக முடியாதவர் அவர். நிச்சயதார்த்தப் பட்டுப் புடவையோடு ஆட்டோ ஏறினார். போனை மடியில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது, எனக்கு எல்லாம் கேட்டது. ஆட்டோக்காரரை ஜல்தியா போப்பா, ஜல்தியா போ என்கிறார். ஹாரன் சத்தம். எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. பஸ்காரனைத் திட்டுகிறார். மேடம் ஒருத்தரைத் திட்டி நான் கேட்டதே இல்லை! விழுப்புரத்தில் நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அடுத்த நோயாளியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டேன்.

ஆட்டோ நின்றது. கம்பு தரையில் ஊன்றும் சத்தம். அப்புறம் மேடத்தின் குரல், அந்த மெதுவான குரல்.

"தம்பி, வண்டிய எடுக்கச் சொல்லாதீங்க. அந்த ரிப்போர்ட்ட எழுதினவ நான்தான். அது தப்பு. உங்கப்பாவுக்குப் புத்தி கெடல. தலையில ரெண்டு பக்கமும் ரத்தம் தேங்கி மூளைய அமுக்குது. எடுத்துட்டா தேறிடுவாருன்னு நம்பறேன். இந்த வண்டி பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்."

பிறகு பிரபாவதி பெரிதாக அழும் சத்தம் கேட்டது. வண்டிக் கதவு சாத்தும் சத்தம். பாண்டிச்சேரிக்கே போறாங்க பிலோ என்று மேடம் சொன்னதும் நான் சென்டருக்கு நடுவில் நின்று குதித்தேன். ஐம்பத்து நாலு வயதில் குதித்தேன்! காத்திருந்த நோயாளியும் காரணம் தெரியாமலேயே சிரித்தார்.

மேடம் அந்த நான்கு ஸ்லைஸையும் சேர்த்து முழு ஸ்கேனையும் பாண்டிச்சேரி சர்ஜனுக்கு அனுப்பச் சொன்னார். நெட் இழுத்தது, இழுக்கட்டும் என்று உட்கார்ந்து அனுப்பினேன். சாயங்காலமே மண்டையில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னத் துளை போட்டு, பழைய இன்ஜின் ஆயில் மாதிரி கறுத்த ரத்தத்தை வடித்தார்கள். எப்படி வந்தது என்று கேட்டதில், இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் மாட்டுக் கொட்டகைக் குறுக்குக் கட்டையில் தலையை இடித்துக்கொண்டாராம். ரத்தம் வரவில்லை, வீங்கவில்லை என்று எண்ணெய் தடவி விட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் பிரபாவதி போன் செய்தாள். கண் விழித்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, மாட்டுக்குத் தண்ணி காட்டினீங்களா என்பதாம். நான் அதை அன்றைக்கு எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கே இல்லை.

சென்டரில் எனக்கு ஒரே பாராட்டு. முதலாளி எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். பிலோமினா கண்ணு கண்ணு என்று புகழ்ந்தார்கள். நானும் வெட்கமில்லாமல் ரசித்தேன். ஷீட்டை அனுப்பிப் படிக்கும் பழக்கத்தை மேடம் அன்றோடு ஒழித்தார். நெட்டை மாற்றச் சொல்லி சண்டை போட்டு மாற்றவைத்தார். எவ்வளவு ஷீட் ஆனாலும் எல்லா ஸ்லைஸும் போக வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினோம். ஆனால் அந்த நாலை முதலில் விட்டது யார் என்று ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. மேடம் மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னார். "நாலை விட்டது நீ. இருபதப் பாத்து நார்மல்னு சொன்னது நான். ரெண்டு பேருமே மறக்கக் கூடாது." மறுபடி அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஒரு மாதம் கழித்து அப்பாண்டைநாதன் மறு ஸ்கேனுக்கு வந்தார். மகள் கையைப் பிடிக்கவில்லை, தானாக நடந்து வந்தார். தலையில் முடி கொஞ்சம் முளைத்து, தழும்புகளை மறைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்கேன் முடிந்ததும் என் மூளையை எனக்குக் காட்டுவீர்களா என்றார். நோயாளிக்குக் காட்டுவது வழக்கமில்லை. மேடத்தைப் போனில் கேட்டேன், காட்டு என்றார். பழைய படத்தையும் புதுப் படத்தையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்து உருட்டினேன். புதுப் படத்தில் பிறை மெலிந்து நூலாகியிருந்தது. மடிப்புகளுக்கு நடுவே பள்ளங்கள் வந்திருந்தன. வயதான மூளை, அழகான வயதான மூளை. மாட்டுக்கு இந்த மாதிரி எடுக்க முடியுமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பிறகு கை கூப்பினார். நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு பொண்ணு சொல்லிச்சு என்றார்.

அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. மேலே இருந்த நாலு ஸ்லைஸையும் திரையில் காட்டினேன். "ஐயா, இந்த நாலையும் ஷீட்ல போடாம விட்டவளும் நான்தான். அந்த ஷீட்ட வெச்சுத்தான் உங்கள அங்க அனுப்ப இருந்தாங்க" என்றேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"எம் புள்ள வெளியில நிக்கிறான்மா" என்றார். "ஒரு மாசமா எல்லாம் செய்யறான். குளிப்பாட்டி விடறான், மாத்திரை குடுக்கறான். என் மூஞ்சிய மட்டும் பாக்க மாட்டேங்கறான். பெத்தவன அனுப்பப் பாத்தோமேன்னு உள்ளுக்குள்ள செத்துக்கினு இருக்கான். நான் சொன்னா நம்ப மாட்டான். எங்கிட்ட சொன்னத அவங்கிட்டயும் சொல்லிடறீங்களா?"

வெளியே போனேன். தனசேகர் வாசலுக்கு அந்தப்பக்கம் வண்டியின் மேல் சாய்ந்து, போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரிப்போர்ட் வந்துடுச்சுங்களா என்று நிமிராமலே கேட்டார். அன்றைக்கு உங்களுக்குக் கொடுத்த ஷீட்டில் நாலு படம் இல்லை, விட்டது நான், அதை எந்தப் பிள்ளை பார்த்திருந்தாலும் நீங்கள் எடுத்த முடிவைத்தான் எடுத்திருப்பான் என்று சொன்னேன். அவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"அந்தப் படத்த நான் பாக்கலாங்களா?"

கதவைத் திறந்துவிட்டேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார். அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன்.